பிள்ளைக்கு லீவு, வீட்டுக்குப் பாடம்

அரையாண்டு லீவுக்கென்று ஒரு குணம் உண்டு. முழுப்பரீட்சை லீவு மாதிரி ஊரைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போகிற அளவுக்கு அது நீளாது. காலாண்டு லீவு மாதிரி ஆயுத பூஜைப் பொரிகடலை தீர்வதற்குள் முடிந்தும் போகாது. கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்கி ஆங்கிலப் புத்தாண்டோடு முடியும். பள்ளிக்கூடம் திறந்த கையோடு பொங்கல் லீவு எட்டிப் பார்க்கும் என்பதால் திறக்கிற நாளில் வயிற்றைக் கலக்குவதும் குறைவு. 2012-13இல் தொடக்கப் பள்ளிகளுக்கு முப்பருவ முறை வந்தது. பாடப் புத்தகம் மூன்றாகப் பிரிந்து பை இளைத்தது. அரையாண்டு லீவை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் படித்தது புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிக்குக் கிழக்கே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஓடு வேய்ந்த ஒரே நீளக் கட்டடம், ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். ஒன்று முதல் மூன்று வரை டீச்சர், நாலும் ஐந்தும் பெரிய சார். நாலாம் வகுப்புக்குக் கணக்கு நடக்கும்போது ஐந்தாம் வகுப்பு ‘மனசுக்குள்ள வாசி’ என்று விடப்படும். நாங்கள் மனசுக்குள் வேறு பலவும் செய்தோம். இப்போது இதைப் பல்வகுப்புக் கற்பித்தல் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். அப்போது அது வாத்தியார் பற்றாக்குறை.

பரீட்சைக்கு முதல் நாள் அடுப்புக்கரியையும் ஊமத்தை இலையையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூச வேண்டும். அறிவியலில் எனக்கு ஒழுங்காக வந்த செய்முறை அது ஒன்றுதான். மறுநாள் அந்தப் பலகையில் பெரிய சார் கேள்விகளை எழுதிப் போடுவார். கடைசிப் பரீட்சை முடிந்து மணி அடிப்பதற்கு முன், தலையைத் திருப்பாமல் ஜன்னலைப் பார்த்தபடியே லீவுப் பாடத்தையும் சொல்லிவிடுவார். தினம் ஒரு பக்கம் காப்பி. பதினாறாம் வாய்ப்பாடு வரை ஐந்து தடவை. அவ்வளவுதான்.

ஜனவரி முதல் தேதி ராத்திரி, பள்ளிக்கூடம் திறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, ஊரில் எல்லா வீட்டு விளக்கடியிலும் அந்தப் பாடம் எழுதப்படும். வாய்ப்பாட்டை எங்களில் யாரும் இடமிருந்து வலமாக எழுதியதில்லை. முதலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலிருந்து கீழே ஒரு வரிசை. அடுத்துப் பெருக்கல் குறி மட்டும் ஒரு வரிசை. அப்புறம் பதினாறு, பதினாறு, பதினாறு. விடைகள் கடைசியில், அச்சடித்த வாய்ப்பாட்டைப் பார்த்து. ஹென்றி ஃபோர்டு 1913இல் கார்களைக் கட்டியதும் ஏறக்குறைய இப்படித்தான் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. காப்பிப் பக்கங்களுக்கு ஒரே ராத்திரியில் வெவ்வேறு தேதி போட்டுக்கொள்வோம். பெரிய சாருக்கும் இது தெரியும். புரட்டிப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், இரு தரப்புக்கும் மரியாதை கெடாது.

லீவு என்றால் எல்லாப் பிள்ளைக்கும் கொண்டாட்டம் என்று எழுதிவிட்டுப் போக முடியவில்லை. எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலையில் வந்தது. பைக்குள் சிலேட்டோடு ஒரு தட்டும் சேர்ந்துகொண்டது. (முட்டை 1989இல்தான் வந்தது. அதுவரை நாங்கள் வாங்கிய முட்டையெல்லாம் கணக்குப் பேப்பரில்.) லீவு விட்டால் அந்த அடுப்பும் லீவு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இதனாலேயே சனி, ஞாயிறு பிடிக்காது. முழுப்பரீட்சை லீவை அவன் எப்படிக் கடந்தான் என்று நான் கேட்டதில்லை, கேட்கிற வயசும் இல்லை. அரையாண்டில் அவன் தப்பித்தது மார்கழியால். விடியக்காலை ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கியதும் பிள்ளையார் கோவில் பஜனையில் முதல் ஆளாக நிற்பான். பாட்டில் ஒரு வரி தெரியாது, வாயசைப்பில் குறை வைக்கமாட்டான். பூவரச இலையில் ஒரு கை வெண்பொங்கல் விழும். இரண்டாவது தடவை வரிசையில் நிற்பவனைப் பூசாரி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். ஊரில் அந்த மாதம் பக்தி பெருகியதாகப் பெரியவர்கள் பெருமைப்பட்டார்கள்.

1987இல் நான் ஐந்தாம் வகுப்பு. அந்த லீவு தொடங்கியபோதே, டிசம்பர் 24 அதிகாலையில், எம்.ஜி.ஆர். இறந்துபோனார். வானொலியில் சோக இசை விடாமல் ஒலித்தது. சத்துணவு ஆயா எரியாத அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, சொந்தத் தகப்பனைக் கொடுத்தவள் போல அழுதாள். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போன மனிதர் அவர். அவர் போட்ட சோறுதான் என் பக்கத்துப் பையனை ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உட்கார வைத்திருந்தது. எனக்கு அன்று இருந்த துக்கம் வேறு. கீரமங்கலம் பக்கம் அம்மாச்சி வீட்டுக்குப் போகத் துணியெல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது, பஸ் ஓடவில்லை. டவுனில் கடைகளை உடைக்கிறார்கள் என்று சேதி வந்தது. அந்த லீவு முழுக்க வீட்டில்தான் என்று முடிவானது.

வீட்டில் எனக்கு யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர ஆளும் இல்லை. அப்பா கையெழுத்துப் போடுவார், அதற்குமேல் எழுத்தோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா, அப்பத்தா, தாத்தா மூவரும் கைநாட்டு. ஆக, வீட்டிலேயே அதிகம் படித்தவன் நான்தான். பதவிக்கு உரிய வேலைகள் என்னைத் தேடி வந்தன.

சிங்கப்பூரில் இருந்த சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. திண்ணையில் எல்லோரும் கூடி உட்கார்ந்தார்கள். நான் நடுவில் நின்று, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில் வாசித்தேன். நலம், நலமறிய அவா. மாடு கன்று போட்டதா. அப்புறம்: ‘கடன் ஒன்று கழுத்தை நெரிக்கிறது அண்ணா, அடுத்த மாதம் பணம் அனுப்ப முடியாது.’ அதற்கும் அடுத்த வரியை அதே குரலில் வாசித்தேன்: ‘இதை ஆத்தாவிடம் சொல்ல வேண்டாம்.’

ஆத்தா, அதாவது என் அப்பத்தா, எதிரே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

பதில் கடிதமும் என் கையால்தான். “நாஞ் சொல்றத மட்டும் எழுது. ஒரு எழுத்து கூட்டாத, கொறைக்காத” என்று தொடங்கிய அப்பத்தா மூச்சு விடாமல் திட்டினாள். யாரிடம் வாங்கினாய், வட்டி என்ன, உன் அப்பன் இந்த வயசிலும் மாடு மேய்க்கிறானே என்று போய், சித்தப்பாவின் பிறந்த நேரம் வரைக்கும் வந்தது. மெல்லிய நீலத் தாளில் அதற்கெல்லாம் இடம் இல்லை. ‘ஆத்தா கவலையாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதினேன். “எல்லாத்தையும் எழுதிட்டியாப்பா?” என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். ஆறாம் வகுப்பில் ‘சுருக்கி எழுதுக’ என்று ஒரு பகுதி வந்தபோது வகுப்பே திணறியது, எனக்கு அது பழகிய தொழில்.

களையெடுப்புக் கூலிக்கு நெல் அளக்கும்போது கணக்குப்பிள்ளையும் நான்தான். தாத்தா மரக்காலைச் சாய்க்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார். ‘லாபம்’ என்று தொடங்கி அப்புறம்தான் ரெண்டு, மூணு. நான் தரையில் கரித்துண்டால் கோடு போட வேண்டும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். என் பாடப்புத்தகத்தில் லிட்டரும் கிலோகிராமும் இருந்தன, களத்தில் அவை இரண்டும் கிடையாது. தாத்தாவுக்கு அங்கே என்மேல் முழு நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன். நான் கோடு போடுவேன், அவர் மனசுக்குள் எண்ணுவார், கடைசியில் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போகாத நாளில் என் கோடுதான் தப்பு. பன்னிரண்டாம் வாய்ப்பாடு எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, அந்தப் பார்வைக்குப் பயந்து வந்தது.

அம்மாவின் பள்ளிக்கூடம் வாசலில், நட்சத்திரம் இருக்கும்போதே தொடங்கிவிடும். சாணம் தெளித்து, நடுவில் பதினைந்து புள்ளி, அதற்கு மேலும் கீழும் ஊடுபுள்ளியாகப் பதினாலு, பதிமூணு என்று எட்டு வரைக்கும் இறக்குவாள். மொத்தம் 169 புள்ளி. எண்ணிப் பார்த்தது நான், அவளுக்கு எண்ண வேண்டிய தேவை இல்லை. ஒரு புள்ளி பிசகினால் கோடு வீடு திரும்பாது. பிசகியதில்லை. சுற்றி முடித்துச் சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகிவிட்டு, “கணக்குல எவ்வளவுப்பா வாங்குன?” என்று என்னைக் கேட்பாள். நான் பேச்சை மாற்றுவேன்.

நாலு வருஷம் கழித்து, 1991இல், எங்கள் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். நாங்கள் பகலில் படித்துவிட்டு வந்த பள்ளிக்கூட வராந்தாக்களில் ராத்திரி அரிக்கேன் விளக்கோடு அம்மாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் இருந்த நான் தொண்டர். என் வகுப்புக்கு வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். “பெத்த புள்ளகிட்டத் தலையில குட்டு வாங்கச் சொல்றியா?” பக்கத்துத் தெருப் பெண்ணிடம் போய் அ, ஆ எழுதினாள். இயக்கம் எழுத்தோடு நிற்கவில்லை. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்க வேண்டும் என்றும் கிளம்பியது. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் பெண்கள் பெடல் மிதித்தார்கள், வாடகை சைக்கிளுக்குக் கிராக்கி வந்தது. அந்த அரையாண்டு லீவில் என் சைக்கிள் என் கைக்கு வரவே இல்லை. கேரியரைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பின்னால் கண்மாய்க்கரை நெடுக ஓடியதுதான் எனக்குக் கிடைத்த சவாரி. ‘விட்டுறாதப்பா’ என்று கத்திக்கொண்டே போனவள், நான் விட்டபிறகும் கத்திக்கொண்டே போனாள்.

இனி இந்தக் காலம்.

என் மகள் சென்னையில் நாலாம் வகுப்பு. அவள் பள்ளியில் இது ‘வின்டர் வெக்கேஷன்’. சென்னையில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை நாலிலிருந்து இரண்டுக்குக் குறைப்பது. போன டிசம்பரில் லீவு தொடங்கிய அன்று மாலை, வாட்ஸ்அப்பில் பள்ளியின் சுற்றறிக்கை வந்தது. குடும்பத்தோடு மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழியுங்கள் என்று முதல் வரி. அதற்குக் கீழே கழிக்க வேண்டிய முறை, இரண்டு பக்கத்துக்கு. பஞ்சில் ஒரு பனிமனிதன். நீர் சுழற்சிக்கு இயங்கும் மாதிரி. பிளாஸ்டிக் ஒழிப்புக்குச் சார்ட். தாத்தா பாட்டியைப் பேட்டி கண்டு, அவர்கள் காலத்து விளையாட்டைப் பற்றி மூன்று நிமிடக் காணொளி. எல்லாவற்றுக்கும் அடியில், ‘பிள்ளைகளே சொந்தமாகச் செய்ய வேண்டும், பெற்றோர் வழிகாட்டினால் போதும்’ என்று தடித்த எழுத்தில். அந்த வரியை எழுதியவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருக்க வேண்டும்.

என் மனைவி சுற்றறிக்கையை இரண்டு தடவை வாசித்துவிட்டு, “ஏங்க, உங்களுக்கு எப்ப லீவு?” என்றாள். அவளுடைய லீவு விண்ணப்பம் அதற்குள் போய்விட்டிருந்தது.

வேலைப் பிரிவினை தானாக அமைந்தது. வெட்டுவதும் ஒட்டுவதும் மனைவி. வண்ணம் அடிப்பது நான். சார்ட், பஞ்சு, பசை, தெர்மாகோல் எல்லாம் கொண்டுவருவது செல்போன் செயலி வழியாக வரும் பையன்கள். மேற்பார்வை மகள். சோபாவில் சாய்ந்து கார்ட்டூன் பார்த்தபடியே, “அப்பா, கோட்டுக்கு வெளிய போகுது” என்பாள். பெரிய சார்கூட இவ்வளவு கறாராகத் திருத்தியதில்லை. பனிமனிதனுக்கு என் பழைய காலுறை மப்ளர் ஆனது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னத்தா இது?”

“ஸ்னோமேன், அப்பத்தா. பனியில செய்வாங்க.”

“பனியிலயா? தலைல துண்டு கட்டாம வெளிய போனா மூக்கு ஒழுகும். அதான் பனி. அதப் போயி எப்படிப் புடிச்சு உருட்டுவ?”

மகளிடம் பதில் இல்லை. அவள் பார்த்த பனியெல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் இருந்தது. நான் பார்த்ததும் அதேதான், ஆனால் வழிகாட்டுபவன் நான் என்பதால் இமயமலையைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன்.

பிளாஸ்டிக் ஒழிப்பில்தான் மனசு கொஞ்சம் நெருடியது. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தெர்மாகோல் தட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தத் தடையின் பெருமையை நாங்கள் தெர்மாகோல் பலகையில், பளபளப்புத் தூள் தூவி, சூட்டுப்பசையால் ஒட்டி, மழையில் நனையாமல் பாலிதீன் உறை சுற்றி விளக்கினோம். மீந்த துண்டுகள் ஒரு சாக்கு. இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் ஆயத்தமாகவே விற்கிறார்கள். பெயர் மட்டும் நாம் எழுதிக்கொள்ளலாம். பிள்ளை ‘சொந்தமாக’ எழுத வேண்டிய பகுதி அது.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அம்மாக்கள் குழுவில் நடமாட்டம் கூடும். நீர் சுழற்சிக்கு மோட்டார் வைக்க வேண்டுமா? பனிமனிதனுக்குக் கை கட்டாயமா? ஆவியாதல் முதலா, குளிர்தல் முதலா? பொறியாளர்கள், தணிக்கையாளர்கள், ஒரு பல் மருத்துவர் என்று படித்த கூட்டம் அது. நாலாம் வகுப்பு அறிவியலை அத்தனை கவனமாக அவர்கள் யாரும் முன்பு படித்திருக்க மாட்டார்கள். நானும்தான். மேகம் எப்படி உண்டாகிறது என்பதை ஐம்பதை நெருங்கும் வயதில் ஒருவழியாகப் புரிந்துகொண்டேன். குடும்பமே சேர்ந்து கற்கட்டும் என்பது பள்ளியின் நோக்கமாக இருந்தால் அது நிறைவேறிவிட்டது. குடும்பத்தில் ஒருத்தி மட்டும் லீவில் இருந்தாள், நியாயமாக அது அவளுடைய லீவு.

ஊரில் என் தம்பி மகனும் நாலாம் வகுப்பு, நான் படித்த அதே பள்ளி. இப்போது கான்கிரீட் கட்டடம். ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சி நூல், டீச்சர் கையில் டேப்லெட். மதுரையில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. புதன்கிழமை பொங்கல். அதற்காக யாரும் மார்கழி வரைக்கும் காத்திருந்து வாயசைக்க வேண்டியதில்லை. லீவு விட்டால் அடுப்பு அணைவது மட்டும் அன்று போலவேதான், இப்போது இரண்டு வேளைக்கும் சேர்த்து. அதைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் வருவதில்லை.

அவன் தினம் சாயங்காலம் போன் செய்வான். கண்மாயில் தண்ணி எவ்வளவு, ஆட்டுக்குட்டி எத்தனை என்றெல்லாம் செய்தி சொல்வான். ஒரு நாள், “பெரியப்பா, பாப்பா என்ன பண்ணுது?” என்று கேட்டான்.

“ப்ராஜெக்ட் நடக்குதுப்பா.”

“லீவுல எதுக்குப் பெரியப்பா ஸ்கூல் நடக்குது?”

பசை காய்ந்துகொண்டிருந்ததால் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாகப் பேட்டி. அம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, செல்போனைப் புத்தக அடுக்கில் சாய்த்தோம். மகள் கேள்வித்தாளோடு எதிரே.

“அப்பத்தா, சின்ன வயசுல நீங்க என்ன கேம்ஸ் விளையாடுனீங்க?”

“வெளையாட்டா? காலைல ஆடு பத்திக்கிட்டுப் போனா பொழுது சாயத்தான் வருவோம். வெறகு பொறுக்கணும். தம்பியத் தூக்கணும்.”

“அதெல்லாம் வேண்டாம் அப்பத்தா. கேம்ஸ் மட்டும் சொல்லுங்க.”

மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை அம்மா சைக்கிள் கற்ற கதையைத் தொடங்கினாள். கண்மாய்க்கரை, அரிக்கேன், ராத்திரிப் பள்ளிக்கூடம் என்று நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்று நிமிடத்தில் முடியாது என்று மகள் நிறுத்தினாள். அதுவும் சரிதான், கேட்டது விளையாட்டு. நான் குறுக்கிட்டுப் பல்லாங்குழி என்றேன். உடனே இணையத்தில் ஒரு பலகை வாங்கினோம். அந்த விலைக்கு எங்கள் ஊர் ஆசாரி ஒரு கட்டிலுக்குக் கால் நாலும் கடைந்து கொடுத்திருப்பார். கூடவே வந்த சோழிகள் பிளாஸ்டிக். புளியங்கொட்டை கிடைக்குமா என்று அம்மா கேட்டாள். நாங்கள் வாங்குவது கொட்டை நீக்கிய புளி.

பலகையைப் பார்த்ததும் அம்மா கால் நீட்டி உட்கார்ந்தாள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து, ஆக எழுபது காய். அவள் கை விரல்கள் காயை விட்டுக்கொண்டே போக, எந்தக் குழியில் எத்தனை இருக்கிறது, எங்கே நாலு சேர்ந்து பசு ஆகும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. முதல் ஆட்டத்தில் மகள் மொட்டை. இரண்டாவதில் நான். மூன்றாவதில் மனைவியும் வந்து உட்கார்ந்தாள். லீவு தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக மகள் எதிலாவது தானே கை வைத்தாள், எண்ணினாள், தப்பாக எண்ணித் திட்டு வாங்கினாள். “எண்ணிப் பாக்காம ஏத்தா எடுக்குற? கண்ணு எங்க இருக்கு?” மூன்று நிமிடத்தைத் தாண்டிச் செல்போன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி அனுப்பினோம்.

பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து மதிப்பீடு வந்தது. பனிமனிதனுக்கு ஐந்து நட்சத்திரம். நீர் சுழற்சிக்கு நாலு. மோட்டார் வைத்தவர்களுக்கு ஐந்து என்று குழுவில் தெரிந்தது. காணொளிக்கு நட்சத்திரம் இல்லை, குறிப்பு மட்டும்: ‘பாட்டி கேமராவைப் பார்த்துப் பேசவில்லை. மீண்டும் எடுத்து அனுப்பவும்.’

மகள் அதை அப்பத்தாவுக்குத் தமிழில் சொன்னாள். அம்மா பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கேமராவப் பாத்துக்கிட்டு இருந்தா நீ என் பசுவ எடுத்துருவ. உன் டீச்சருக்கு வெளையாடத் தெரியாதுபோல. ம், விடு காய.”